நீல நூல் கட்டிய நாலு நாள்

கைராசி என்பது எங்கள் பக்கத்தில் நல்ல வார்த்தை. விதை ஊன்றவும், கடையில் முதல் போணி பண்ணவும், புதுக் கறவைக்கு முதல் தீவனம் வைக்கவும் கைராசிக்காரர்களை ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். ராசியில்லாத கை என்று ஒருத்தரைப் பற்றி முடிவாகிவிட்டால் அதை யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள். என் சின்னம்மாவை அப்படித்தான் நிறுத்தினார்கள். 2001 சித்திரையில், தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிக்கு மேற்கே, பெரியப்பாவின் முக்கால் ஏக்கர் விதைத் தக்காளிக் காட்டில். எனக்கு அப்போது பதிமூன்று வயது. அவரை நிறுத்தியதில் எனக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. அது எவ்வளவு சின்னது என்பதுதான் இருபது வருடத்துக்கு மேலாக எனக்குத் தீராத கணக்கு.

ராயக்கோட்டை மண்டிக்குப் போகும் தக்காளியைத் தெரிந்த அளவுக்கு விதைத் தக்காளியை வெளியாட்களுக்குத் தெரியாது. கம்பெனி இரண்டு ரக விதை கொடுக்கும். ஒன்று பெண் செடி, காடு முழுக்க அதுதான். இன்னொன்று ஆண் செடி, ஓரமாகச் சில பாத்திகள். தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கும். எந்தச் செடியின் பூவில் ஆண் பாகத்தைப் பிடுங்கி எறிகிறோமோ அதைப் பெண் செடி என்கிறோம், அவ்வளவுதான். சாயங்காலம், மறுநாள் விரியப்போகும் மொட்டைச் சாமணத்தால் பிரித்து, உள்ளே கூம்பு மாதிரி சேர்ந்து நிற்கும் மகரந்தப்பைகளைச் சூலகம் நோகாமல் உருவ வேண்டும். மறுநாள் காலையில் ஆண் செடியின் பொடியை அந்தப் பூவின் சூல்முடியில் தொட்டு வைக்க வேண்டும். விரலில் மாட்டும் பிளாஸ்டிக் மோதிரத்தில் சின்னக் குழி இருக்கும், பொடி அதில். தொட்டதற்கு அடையாளமாகப் புல்லி இதழில் இரண்டைக் கிள்ளிவிடுவார்கள். பழுத்த பிறகும் அந்த வெட்டு காம்புக்கடியில் தெரியும். வெட்டில்லாத பழம் விதைக்கு ஆகாது. எங்கள் காட்டில் கூடுதலாக நாளுக்கொரு நிறத்தில் நூலும் கட்டுவோம், எந்த நாள் தொட்டது என்று தெரிய. இத்தனைக்கும் சேர்த்து ஒரே பெயர்தான்: கிராஸிங். பெண்கள் வேலை. நுனிவிரல் வேலை.

பொடி மட்டும் என் பொறுப்பு. பள்ளிக்கூட லீவு. காலையில் ஆண் செடிப் பூக்களைப் பறித்து, பைகளைப் பிரித்து, காயவைத்து, மெல்லிய துணியில் சலித்தால் வெளிர்மஞ்சளாக ஒரு சிட்டிகை இறங்கும். ஒரு கிண்ணம் பூவுக்கு ஒரு சிட்டிகை. வெயில் இருந்தால் வாசலில் நிழலோரமாகக் காயும். மூட்டமாக இருந்தால் மாட்டுக் கொட்டகையில் நூறு வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு அதன் அடியில் காயவைப்போம். பெரியப்பா அதற்கு ஒரு அளவு சொல்லியிருந்தார்: பல்புக்கும் தட்டுக்கும் நடுவில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இடம் இருக்கணும்.

அந்த வருடம் பங்குனிக் கடைசியில் ஐந்தாறு நாள் அனல் அடித்தது. ராத்திரியில் கூடக் கயிற்றுக் கட்டில் சுட்டது. பிறகு இரண்டு கோடை மழை பெய்து மண் குளிர்ந்தது. குளிர்ந்த கையோடு மாரியம்மன் பண்டிகை சாட்டினார்கள். கிராஸிங்குக்கு வரும் பதினோரு பெண்களில் பத்துப் பேர் மாவிளக்கு எடுக்க, பொங்கல் வைக்கப் போய்விட்டார்கள். சின்னம்மா போக முடியாது. அவர் புகுந்த வீட்டுப் பங்காளி ஒருவர் அப்போதுதான் இறந்திருந்தார், தீட்டு. பூ யாருக்காகவும் காத்திருக்காது என்பதால் பெரியப்பா அவரைக் கேட்டார். நாலு நாளும் காடு முழுக்கச் சின்னம்மா ஒற்றை ஆளாகத் தொட்டார். அந்த நாலு நாளுக்கும் ஒரே நூல், நீலம். கடையில் வேறு நிறம் தீர்ந்திருந்தது.

ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. தொட்ட பூ பிடித்திருந்தால் சூலகம் மிளகளவு பருக்கும். பிடிக்காவிட்டால் காம்புக் கணு மஞ்சளாகி, கை பட்டாலே கழன்று விழும். நீல நூல் கட்டியவை பத்துக்கு ஏழெட்டு விழுந்தன. கம்பெனியின் ஆர்கனைசர் பைக்கை நிறுத்திவிட்டு வரப்போரமாக நடந்து வந்தார், கீழே கிடந்த நீல நூல்களைச் செருப்பு முனையால் தள்ளிப் பார்த்தார், "இது யார் கை?" என்று கேட்டார். அவர் கேட்டது வேலை சுத்தத்தைப் பற்றி. ஆனால் பண்டிகை முடிந்து வந்த பெண்களின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. தீட்டுக் கையோடு பூவைத் தொட்டா பிஞ்சு நிக்குமா என்று ஒருத்தி மெல்லச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் அது காடு முழுக்கப் பரவிவிட்டது. நீல நூலுக்கு முந்தின நாள் கட்டிய சிவப்பு நூலிலும் கொஞ்சம் விழுந்து கிடந்ததை யாரும் எண்ணவில்லை. நாலு நாள் கூலியில் பாதி பிடித்தம். அடுத்த வாரம் சின்னம்மா களை வெட்ட அனுப்பப்பட்டார். அதற்கடுத்த வருடம் ஆள் விடவே இல்லை. வீட்டில் அம்மா கேட்டபோது நானும் அதையே சொன்னேன்: "சின்னம்மா கை ராசியில்லையாம்." யாரோ சொன்னதைச் சொல்கிற மாதிரி, அந்த 'யாம்' சேர்த்துத்தான் சொன்னேன். அம்மா தங்கையிடம் அதைக் கேட்கவில்லை. அதுவும் கூப்பிடாமல் விடுவது போலத்தான்.

பொடி என்று சொல்லிப் பழகியது

எல்லோரும் பொடி என்றோம். கம்பெனி ஆள் மட்டும் 'போலன்' என்பார். பள்ளிப் புத்தகம் மகரந்தத் தூள் என்றது, அதுவும் தூள்தான். வண்டு காலில் ஒட்டும், காற்றில் பறக்கும், ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்குச் சேதி கொண்டு போகும். தபால்காரர் மாதிரி. தபால்காரர் கடிதத்தைப் படிப்பதில்லையே. பொடிக்கு உள்ளே ஏதோ இருக்கிறது, அது தானாக எதையும் செய்யாது என்ற நினைப்பு எனக்கு இளங்கலைத் தாவரவியல் முடிக்கும்வரை இருந்தது. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும்போதும் அவர்கள் முகத்தில் அதே தபால்காரரைத்தான் பார்க்கிறேன்.

2010-இல் கோவையில் முதுகலை படித்தபோது மரபியல் வகுப்பில் ஒரு கண்ணாடித் தகடு வைத்தார்கள். ஒட்டரிசி ரகமும் சாதாரண ரகமும் கலந்து பிறந்த நெற்செடி. அதன் ஒரு பூவின் மகரந்தத்தை அயோடினில் போட்டிருந்தார்கள். கருநீலமாகப் பாதி, செம்பழுப்பாகப் பாதி. ஒரே செடி, ஒரே பூ, ஒரே பை. என் பக்கத்தில் இருந்தவன் மை சரியாகக் கலக்கவில்லை என்றே நினைத்தான். சாதாரண அரிசியின் மாவுச்சத்தில் அமைலோஸ் என்று ஒரு பங்கு உண்டு, அதைச் செய்ய ஒரு நொதி வேண்டும், அந்த நொதிக்கு ஒரு மரபணு. ஒட்டரிசியில் அந்த மரபணு வேலை செய்யாது. அமைலோஸ் இல்லாத மாவு அயோடினில் செம்பழுப்பாகத்தான் நிற்கும். கலப்புச் செடியிடம் இரண்டு பிரதியும் உண்டு, ஒவ்வொரு மகரந்த மணிக்கும் போவது ஒன்றே ஒன்று. இதுவரை பாடம். ஆனால் மணி தன்னிடம் வந்த பிரதியைத் தானே படித்து, தன் மாவைத் தானே செய்துகொள்ளாமல் இந்த இரண்டு நிறமும் வர வழியே இல்லை. தாய்ச்செடி சமைத்துப் போட்டிருந்தால் எல்லா மணியும் ஒரே நிறமாகத்தான் இருந்திருக்கும். தபால்காரர் உறையைப் பிரித்துப் படித்துக்கொண்டிருக்கிறார்!

இதை நெல்லில் முதலில் கண்டு எழுதியது எங்கோ வெளிநாட்டில் அல்ல என்று வகுப்பெடுத்த மேடம் சொன்னார். மதராஸ் மாகாணத்து அரசுத் தாவரவியலாளராகக் கோயம்புத்தூரில் இருந்த எஃப். ஆர். பார்னெல் 1921-இல் வெளியிட்ட சின்னக் குறிப்பு, நாலே பக்கம். கலப்புச் செடியில் மரபணு பிரிவதைப் பார்க்க ஒரு தலைமுறை விதைத்து, அறுத்து, எண்ண வேண்டியதில்லை. ஒரு பூவின் மகரந்தத்தில் அயோடின் சொட்டினால் போதும் என்று காட்டியவர். மக்காச்சோளத்தில் அமெரிக்காவில் இதையே கண்டது அதற்கு மூன்று வருடம் கழித்து. நான் கோவையில் இரண்டு வருடம் பஸ் ஏறி இறங்கியிருக்கிறேன். இது அந்த ஊர்க் கதை என்று அதற்கு முன் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

"பூ என்றைக்கு விரிந்தது?"

அதே வருடம் மே மாதம், செய்முறைக்காகக் கல்லூரி மொட்டை மாடியில் தொட்டித் தக்காளி வைத்திருந்தோம். இரண்டு நாளாக மழை, நல்ல குளிர்ச்சி. விரிந்த பூவைத் தட்டி, விழுந்ததை அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயத்தில் போட்டுப் பார்த்தேன். நல்ல மணி சிவந்து, உருண்டு, நிறைவாக இருக்கும். என் தகட்டில் நூறு எண்ணினால் சிவந்தது முப்பதுதான். மீதி நிறமில்லாமல், நீர் வற்றிய நெல்லிக்காய் மாதிரி சப்பி, உள்ளே வெறும் கூடு. சாயம் பழையதாகிவிட்டது என்று மேடத்திடம் போனேன். அவர் தகட்டைப் பார்த்தார், நிமிராமலே கேட்டார்:

"பூ என்றைக்கு விரிந்தது?"

"நேற்று, மேடம்."

"அப்போ பத்து நாளுக்கு முன்னால வெயில் எப்படி இருந்தது?"

எனக்கு மாடிதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வந்தது கயிற்றுக் கட்டில். ராத்திரியிலும் சுட்ட கட்டில், அதற்குப் பின் வந்த மழை, மழை விட்டதும் பண்டிகை, பண்டிகையில் நீல நூல். நான் பதில் சொல்லவில்லை என்று மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

தக்காளியில் இந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. பகலில் 32 டிகிரியையும் இரவில் 21-ஐயும் வெப்பம் தாண்டத் தாண்டக் காய்ப்பிடிப்பு இறங்கும். ஆனால் அந்த வெயில் விரிந்த பூவைத் தாக்குவதைவிட, இன்னும் கண்ணுக்கே சரியாகத் தெரியாத மொட்டைத்தான் கடுமையாகத் தாக்குகிறது. பூ விரிவதற்கு 8 முதல் 13 நாளுக்கு முந்திய காலம்தான் மோசமானது என்று 2002-இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. சூலகம் ஓரளவு தாங்கிக்கொள்ளும், மகரந்தம் தாங்காது. ஆக, இன்றைக்கு விழும் பூ போன வாரத்துக்கு முந்தின வாரத்து வெயிலின் கணக்கைத் தீர்க்கிறது. இன்றைக்குத் தொட்டவர் கையில் அந்தக் கணக்கு எழுதப்படுகிறது.

அந்தப் பத்து நாளில்

அந்த மொட்டுக்குள் பத்து நாளுக்கு முன் நடந்துகொண்டிருந்தது என்ன என்று அதற்குப் பிறகு வெறி பிடித்த மாதிரி படித்தேன். மகரந்தப்பைக்குள் ஒவ்வொரு தாய்ச் செல்லும், குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் குன்றல் பிரிவில் நாலாகிறது. நாலும் கேலோஸ் என்கிற கூட்டுக்குள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. சுற்றிலும் டபீட்டம் என்ற ஒரு சுவர். சுவர் என்று சொல்வது சரியில்லை, அது ஒரு பிரசவ வீட்டுப் பாட்டி. கேலோஸைக் கரைக்கும் நொதியைச் சுரந்து நாலையும் பிரித்துவிடுவது அவள்தான், ஊட்டுவது அவள், கல்லுக்குள் கோடிக்கணக்கான வருடம் கிடந்தாலும் கெடாத அந்த வெளிச்சட்டைக்கு ஸ்போரோபொலெனின் என்ற பொருளைக் கொடுப்பதும் அவள். கடைசியில் தன் செல்களைத் தானே உடைத்துக் குழந்தைகளின் மேல் பூசிவிட்டுச் செத்துப்போகிறாள். செத்துப்போவதற்கும் நேரம் இருக்கிறது. வெப்பம் அதிகமானால் அந்த நேரம் தப்பிவிடுகிறது. ஊட்டுகிறவள் முந்திப் போய்விட்டால் குழந்தைகள் கூடாகத்தான் நிற்கும்.

இதெல்லாம் தாய்ச்செடியின் மரபணு வேலை. ஆனால் அதே சமயம் உள்ளே இன்னொரு கடை திறந்திருக்கிறது. அந்த நாலில் தனித்தனியான ஒவ்வொன்றும், நுண்வித்து என்பார்கள், சமமில்லாமல் இரண்டாகப் பிரிகிறது. பெரியது உடம்பு, பிறகு குழாயாக நீளப்போவது. சின்னது அந்த உடம்புக்குள்ளேயே மிதக்கும், விந்தாகப் போவது. ஒரு செல்லுக்குள் இன்னொரு முழுச் செல் குடியிருக்கிற அதிசயத்தை நான் வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் ஏனோ கங்காருவை நினைக்கிறார்கள். அது அவ்வளவு தப்பில்லை. தக்காளியில் அந்தச் சின்ன செல் இரண்டு விந்தாகப் பிரிவது பூவை விட்டுக் கிளம்பிய பிறகு, குழாய்க்குள்ளே. நெல்லில், கடுகில் கிளம்புவதற்கு முன்பே பிரிந்துவிடும்.

இந்த வளர்ச்சியில் எத்தனை மரபணு விழித்திருக்கிறது? கடுகுக் குடும்பத்துச் சின்னச் செடியான அரபிடோப்சிஸில் டேவிட் ஹோனிஸும் டேவிட் ட்வெல்லும் 2004-இல் கணக்கிட்டார்கள். ஏறத்தாழ 22,600 மரபணுக்களைச் சோதித்ததில் 13,977 மகரந்த வளர்ச்சியின் ஏதோ ஒரு கட்டத்தில் வேலை செய்கின்றன. நுண்வித்தாக இருக்கையில் சுமார் 11,500 விழித்திருக்கும். முதிர்ந்த மணியில் அது சுமார் 7,200-க்கு இறங்கிவிடும். இலையும் வேரும் செய்ய வேண்டிய ஒரு முழுச் செடிக்கு எத்தனை வேண்டுமோ, அதில் பெரும்பகுதி மூன்றே செல் கொண்ட ஒரு மணிக்கும் வேண்டியிருக்கிறது. இதற்குப் பல வருடம் முன்பு, 1981-இல், டாங்க்ஸ்லி, ஸமீர், ரிக் மூவரும் தக்காளியிலேயே இதைச் சுட்டியிருந்தார்கள்: செடியின் உடம்பில் நொதிகளுக்காக வேலை செய்யும் மரபணுக்களில் சுமார் 60 சதவீதம் மகரந்தத்திலும் வேலை செய்கிறது என்று. அதாவது எங்கள் காட்டின் ஓரப் பாத்தியில்.

முதிர முதிர மரபணுக்கள் குறைகின்றன என்றேன். குறைகிற கூட்டத்துக்கு நடுவே கடைசியாக விழிப்பவை சில உண்டு. தக்காளியில் அப்படி ஒன்றை ஷீலா மெக்கார்மிக்கின் ஆய்வகம் 1980-களின் கடைசியில் பிரித்தது. பெயர் லாட் 52. தக்காளி மகரந்தப்பையில் தாமதமாக எழுவது என்பதன் சுருக்கம் அது. மணி தயாராகும் கடைசிக் கட்டத்தில் இந்த மரபணுவின் நகல் படிகள் ஏராளமாக எழுதப்பட்டு உள்ளே அடுக்கப்படும். அதை அடக்கிவைத்த செடிகளில் மணி சூல்முடியில் சரியாக நீர் ஏற்க முடியாமல், குழாய் கோணி நின்றுபோனது. மணி சூல்முடியைத் தொட்ட பிறகு மரபணுவைத் திறந்து படிக்க நேரமில்லை. முன்கூட்டியே எழுதிவைத்த படிகளைக் கொண்டுதான் குழாய் விட ஆரம்பிக்கிறது. ஏறத்தாழக் கட்டுச்சோறு மாதிரி. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர் வழியில் அடுப்பு மூட்டுவதில்லை, வீட்டிலேயே கட்டிக்கொண்டு கிளம்புகிறார். கட்டுகிற நாட்களில் வீட்டில் அடுப்பு எரியவில்லையென்றால் வழியில் என்ன செய்ய? தக்காளி மணியில் பூ விரிய மூன்று நாள் இருக்கையில் மாவுச்சத்து உச்சத்தில் இருக்கும், பிறகு அது சர்க்கரையாக மாறி மணி கிளம்பத் தயாராகும். வெப்பத்தில் வளர்ந்த மொட்டில் அந்த மாவு சேர்வதே இல்லை. என் தகட்டில் சாயம் ஏறாமல் கிடந்தவை காலி மூட்டையோடு நின்றவை.

இங்கே ஒரு கிளைக்கதை, விட மனமில்லை. 1964-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் சதீஷ் மகேஸ்வரியும் ஊமத்தையின் ஓர் இனத்து மகரந்தப்பையை வளர்ப்புக் குழம்பில் வைத்துவிட்டுப் பார்த்தபோது, பைக்குள்ளிருந்து குட்டிக் குட்டிக் கருக்கள் எட்டிப் பார்த்தன. அவை மகரந்தத்திலிருந்தே வந்தவை, பாதி எண்ணிக்கைக் குரோமோசோம்களோடு. அதாவது மகரந்தமாக வேண்டிய செல் பாதை மாறி, தாயில்லாமல் செடியாகக் கிளம்பிவிட்டது. இன்றைக்கு உலகம் முழுக்கப் பயிர் ஆராய்ச்சியாளர்கள் இதை வைத்து ரகம் உருவாக்குகிறார்கள். பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை போகிற வழியில் ஊமத்தை இல்லாத குப்பைமேடு கிடையாது. அதில் வெள்ளையாக ஒன்று நீட்டிக்கொண்டு பூத்திருந்தால் நான் வண்டியை நிறுத்திவிடுகிறேன். பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு இது பழகிவிட்டது.

முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை

எனவே கணக்கு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பங்குனி அனல், பத்து நாள் இடைவெளி, ஆண் செடிப் பாத்தியில் சப்பிய மகரந்தம், அதை நீல நூல் கட்டிய நாலு நாளில் தொட்டவர் சின்னம்மா. மற்ற பத்துப் பேர் தொட்ட பூக்களுக்கு வந்த பொடி வேறு நாளில் பிறந்தது. சிவப்பு நூலில் கொஞ்சம் விழுந்ததற்கும் பொருந்துகிறது. கையும் இல்லை, தீட்டும் இல்லை. இதை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று 2010-இலேயே நினைத்தேன். ஏன் சொல்லவில்லை என்றால், வாய் வரவில்லை. பதிமூன்று வயதில் 'ராசியில்லையாம்' என்று சொன்ன வாய் அது. ஒவ்வொரு பொங்கலுக்கும் அடுத்த பொங்கலுக்கு என்று தள்ளினேன். போன மே மாதம்தான் சொன்னேன். கல்யாண வீடு ஒன்றில், சாப்பாட்டுக்குப் பிறகு, பந்தலுக்குப் பின்னால் இருந்த புளியமரத்தடியில்.

போனில் அந்தப் பழைய தகட்டின் படம் இருந்தது. காட்டினேன். சிவப்பு உயிரோடு இருப்பது, வெள்ளை வெறும் கூடு என்றேன். வெயில், பத்து நாள், மொட்டு எல்லாவற்றையும் அவர் தக்காளிக் காட்டிலேயே வாழ்ந்தவர் என்பதால் கடகடவென்று சொல்ல முடிந்தது. மொட்டில் இருக்கிறபோதே பொடி செத்துப்போச்சு சின்னம்மா, நீங்க தொட்டது செத்த பொடிய. அவர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று போனைத் தள்ளிப் பிடித்தார்.

"அந்த நாலு நாளும் மூட்டந்தானடா?"

"ஆமா, மழை பெஞ்சு குளிர்ந்து கிடந்துச்சு."

"அப்போ பொடிய எங்க காயவெச்ச?"

"கொட்டாயிலதான். பல்புக்கடியில."

"பண்டிகைக்குப் போவணும்னு அவசரம் உனக்கு. சீக்கிரம் காயட்டும்னு பல்ப இறக்கிக் கட்டியிருந்த. கோழிக்குஞ்சுக்கு வெக்கிற மாதிரி. நான் மாட்டுக்குத் தண்ணி காட்ட வந்தப்ப பாத்தேன், தட்டு சுட்டுச்சு."

எனக்கு அது ஞாபகம் இல்லை. இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. ராட்டினம் வந்திருந்த வருடம் அது. ராட்டினம் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

நூறு வாட் பல்பு கைநீளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தால் பொடி பதமாகக் காயும். கிட்டத்தில் வந்தால் வெந்துபோகும். பத்து நாள் ஊட்டி வளர்த்து, மாவு சேர்த்து, லாட் 52 படிகளை அடுக்கி வைத்துக் கிளம்பத் தயாராக நின்ற நல்ல மணியைக்கூட ஒரு மத்தியானத்தில் கொன்றுவிடலாம். இரண்டு சாவும் வேறு. மொட்டில் செத்தது சப்பிப்போய் வெறுமையாக இருக்கும். பல்பில் செத்தது நிறைந்து உருண்டிருக்கும், சாயமும் ஏற்கும், ஆனால் குழாய் விடாது. அன்றைய பொடியில் ஒரு சிட்டிகை இருந்திருந்தால் ஒரே தகட்டில் தெரிந்துவிடும். சப்பிய மணி பூவை விட்டுச் சரியாக உதிராது என்பதால் பொடியும் குறைவாக இறங்கியிருக்கும். அந்த நாலு நாள் பொடி குறைவாக இறங்கியதா என்று சின்னம்மாவிடமே கேட்டேன்.

"அது எனக்கெப்டித் தெரியும்? சலிச்சவன் நீதான்" என்றார்.

"அன்னைக்கே இதச் சொல்லியிருக்கலாமே சின்னம்மா. பல்ப இறக்கிக் கட்டியிருந்தான்னு."

"சொன்னா உங்க பெரியப்பா உன்னத் தோல உரிச்சிருப்பாரு." புளியம்பூ ஒன்று புடவையில் விழுந்திருந்ததை எடுத்து, விரலில் உருட்டிப் பார்த்துவிட்டுப் போட்டார். "நாலு நாள் கூலில பாதி. எம்பது ரூபா. எம்பது ரூபாய்க்குச் சின்னப் பையன அடிவாங்க வெக்கறதா?"

பந்தலில் தாம்பூலப் பை கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று யாரோ கூப்பிட்டார்கள். அவர் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு, போனை என் கையில் கொடுத்தார். திரை அணைந்திருந்தது.